விடாமல் கால் செய்பவர் கையில் என்ன இருக்கும்?

நுழைவுக் கட்டணம் குறைந்த போக்கர் டோர்னமென்ட்டில், ஒன்பது பேர் மேசையென்றால் மூன்று பேராவது ‘ஃப்ளாப்பைப் பார்த்துவிடுவோம்’ என்றே உட்கார்ந்திருப்பார்கள். (கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. எல்லோருக்கும் பொதுவாக மேசையில் முதலில் விரிக்கும் மூன்று சீட்டுதான் ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர்.) அவர்களிடம் தோற்றவர் வழக்கமாகக் கேட்பது, “அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிக் கால் செய்தார்?” என்று. கால் என்றால் எதிராளி வைத்த அளவுக்குத் தானும் சிப்ஸ் போட்டுத் தொடர்வது. கால் செய்வார் என்பது முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவருடைய காலுக்கு ‘என்னிடம் ஏதோ இருக்கிறது’ என்று மட்டும்தான் பொருள். ‘என் கை பெரியது’ என்று அவர் சொல்லவில்லை. (இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. இங்கே சொல்வது நேரில் உட்கார்ந்து ஆடும் மேசைக்கு.)

முதலில் எண்ணுங்கள். பட்டன் (ஒவ்வொரு கைக்கும் ஓர் இடம் நகரும் டீலர் வில்லை) இரண்டு சுற்று வருவதற்குள் 18 கை, அதாவது 18 ஆட்டம், முடிந்திருக்கும். பெரிய பிளைண்டில் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் போட வேண்டிய கட்டாயத் தொகையில் பெரியது) சும்மா செக் செய்ததை, அதாவது எதுவும் கூட்டாமல் கடந்ததை, விட்டுவிட்டு, அவராக எத்தனை கையில் சிப்ஸ் போட்டார் என்று பாருங்கள். 9, 10 என்றால் ஆள் லூஸ், அதாவது கண்ட கையிலும் இறங்குபவர். ஆனால் அதோடு நிறுத்தினால் தப்புக்கணக்காகிவிடும், ஏனென்றால் லூஸ் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே ரகமில்லை. சிலர் எதையும் வைத்து ஃப்ளாப் பார்ப்பார்கள், ஜோடி சேரவில்லை என்றால் மடித்துவிடுவார்கள், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிடுவார்கள். ஜோடியில்லாத இரண்டு சீட்டில் ஒன்றாவது ஃப்ளாப்பில் ஜோடி சேர்வது மூன்றில் ஒரு தடவைதான். அதனால் இவர்கள்மேல் பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தச் சிப்ஸ்) எவ்வளவோ அதில் மூன்றில் ஒரு பங்கு பெட் வையுங்கள். நான்கு முறையில் ஒரு முறை அவர் மடித்தாலே கை நட்டம் வராது. இன்னொரு ரகம், மேசையில் உள்ள மிகச் சிறிய சீட்டோடு சேர்ந்த ஜோடியை வைத்துக்கொண்டும் ரிவர் வரை வருபவர். இவரிடம் ப்ளஃப் (கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டும் பெட்) வேண்டவே வேண்டாம். பாட் அளவுக்கு வைக்கும் ப்ளஃப் பாதி முறை பலித்தால்தான் கட்டுபடியாகும், இவரோ பத்துக்கு இரண்டு முறைகூட மடிக்க மாட்டார். யார் எந்த ரகம் என்பதைக் கடைசியில் சீட்டைத் திருப்பிக் காட்டும்போது தெரிந்துகொள்ளலாம். நீங்கள் அந்தக் கையில் இல்லாவிட்டாலும் கண் மேசையில் இருக்கட்டும்.

ஒரு கையை விரித்துப் பார்ப்போம். பிளைண்ட் 100-200, இருவரிடமும் 20,000 சிப்ஸ். அவர் லிம்ப் செய்கிறார், அதாவது பெரிய பிளைண்ட் அளவை மட்டும் போட்டு உள்ளே வருகிறார். உங்களிடம் ஏஸ்-கிங். 1,000-க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள் (தொகையை உயர்த்துகிறீர்கள்), அவர் மட்டும் கால் செய்கிறார், பாட் 2,300. ஃப்ளாப் ஏஸ், 8, 3, மூன்றும் வேறு வேறு இனம். 1,500 வைக்கிறீர்கள், கால்.

மீதி இரண்டு ஏஸில் ஒன்று அவரிடம் இருந்தால்? கூட இருப்பது குயினிலிருந்து 2 வரை, 8-உம் 3-உம் நீங்கலாக, 9 வகைச் சீட்டில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 8 சேர்க்கை, மொத்தம் 72. எல்லாவற்றையும் உங்கள் கிக்கர் (ஜோடிக்குத் துணையாக இருக்கும் சீட்டு, இங்கே கிங்) அடிக்கிறது. உங்களை அடிப்பவை: ஏஸ்-8-க்கு 6, ஏஸ்-3-க்கு 6, 8-3-க்கு 9, 8 ஜோடிக்கு 3, 3 ஜோடிக்கு 3, ஏஸ் ஜோடிக்கு 1, ஆக 28. வெறும் 8-ஐ வைத்துக்கொண்டு வருவதும் உங்களுக்கே லாபம். இறுக்கமாக ஆடுபவர் என்றால் ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக் என்று 16 சேர்க்கைதான் உங்களிடம் தோற்கும், மூன்றாவது பெட்டுக்கு யோசிக்க வேண்டியிருக்கும். லூஸ் ஆளிடம் யோசனை வேண்டாம். டர்னில் 3,500, ரிவரில் 6,000 வையுங்கள். இங்கே பலரும் பயந்து ரிவரில் செக் செய்துவிடுகிறார்கள். மொத்த லாபத்தில் பெரும்பங்கு அங்கேதான் கைநழுவுகிறது.

டிராவை, அதாவது இன்னும் ஒரு சீட்டு வந்தால் பெரிதாகும் கையை, வைத்து வருபவருக்கு விலையை ஏற்றுங்கள். டர்னில் பாட் 3,000, அவரிடம் ஃப்ளஷ் டிரா (ஒரே இனத்தில் நான்கு சீட்டு, ஐந்தாவதுக்குக் காத்திருப்பு) என்று வைத்துக்கொள்வோம். ரிவரில் அது சேர வாய்ப்பு 9/46, அதாவது 19.6%. நீங்கள் 600 வைத்தால் அவருக்கு 14.3% போதும், அவருடைய கால் சரியானதாகிவிடும். 2,000 வைத்தால் 28.6% தேவை. அப்போதும் கால் செய்வார், ஐந்தில் ஒரு முறை சேர்ந்தும்விடும், வயிறு எரியும். ஆனாலும் ஒவ்வொரு காலுக்கும் சராசரியில் சிப்ஸ் இழப்பவர் அவர்தான்.

ஃப்ளாப்புக்கு முன்னால் கூட்டத்தைக் குறையுங்கள். ஏஸ் ஜோடிக்கே வெற்றி வாய்ப்பு ஒருவர் எதிரில் 85% என்றால், நான்கு பேர் எதிரில் 56% தான். லிம்ப் செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய பிளைண்ட் கூட்டி, 4 பெரிய பிளைண்டிலிருந்து ரெய்ஸைத் தொடங்குங்கள். ஸ்டாக் (உங்கள் சிப்ஸ் கையிருப்பு) 20 பிளைண்டுக்குக் கீழே போனபின் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நல்ல கையென்றால் நேராக ஆல்-இன், அதாவது இருக்கும் சிப்ஸ் அத்தனையும்.

அவர் ரெய்ஸ் செய்தால் கதையே வேறு. இரண்டு மணி நேரம் கால் மட்டுமே செய்தவர் டர்னில் திடீரென்று ரெய்ஸ் செய்தால், பெரும்பாலும் இரண்டு ஜோடி அல்லது செட் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு). மேலே சொன்ன ஏஸ்-கிங்கையும் அங்கே மடித்துவிடலாம்.

இன்னும் ஓரிருவர் வெளியேறினால் பரிசு என்ற கட்டத்தில், 10 பிளைண்ட் வைத்துக்கொண்டு ஏஸ்-5-ஐ நம்பி ஆல்-இன் தள்ளுவது மற்றவர்கள் மடிப்பார்கள் என்ற தைரியத்தில்தான். பெரிய பிளைண்டில் நிறைய சிப்ஸோடு விடாமல் கால் செய்யும் இவர் இருந்தால் அந்தத் தைரியத்துக்கு இடமில்லை. அவர் ஏதோ இரண்டு சீட்டோடு வந்தால்கூடச் சராசரியில் உங்கள் வெற்றி வாய்ப்பு 58% தான், டோர்னமென்ட்டை அதற்குப் பணயம் வைக்க வேண்டாம். அதே இடத்தில் 10 ஜோடி வந்தால் 75%, தயங்காமல் தள்ளுங்கள்.