7ஏ பிளாக்கில் எஸ்சி12 சூப்பர்சார்ஜரை உட்கார வைப்பது எப்படி?

டொயோட்டா 4ஏ-ஜிஇசட்இ இன்ஜினோடு வந்த எஸ்சி12 சூப்பர்சார்ஜர் (கிராங்க் பெல்ட்டால் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற கருவி) கையில் இருக்கிறது. ஆனால் கீழே இருப்பது டொயோட்டாவின் 7ஏ-எஃப்இ இன்ஜினுடைய பிளாக் (சிலிண்டர்கள் உள்ள கீழ்ப்பகுதி), அதன் மேல் 4ஏ-ஜிஇ குடும்பத்து ஹெட் (வால்வுகள் உள்ள மேல்பகுதி). இந்த வேலையை முதல் முறை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹெட், டைமிங் பெல்ட் வேலையெல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், இங்கே சூப்பர்சார்ஜரைத் தாங்குகிற பிராக்கெட் மட்டும்தான்.

ஏன் நேராகப் பொருந்தாது என்பது முதலில் புரிய வேண்டும். இரண்டுக்கும் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 81 மி.மீ. தான். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், மட்டும் 4ஏ-வில் 77, 7ஏ-வில் 85.5. அந்த நீள ஸ்ட்ரோக்குக்கும் நீளமான கனெக்டிங் ராடுக்கும் இடம் வேண்டுமென்று 7ஏ பிளாக்கை ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே உயரமாக வார்த்திருக்கிறார்கள். அதனால் ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்துப் பிடிக்கிற பிராக்கெட் எதுவானாலும், ஆல்டர்னேட்டருடையதாக இருந்தாலும் சரி, ஒரு பக்கம் பூட்டினால் மறுபக்கம் ஓட்டை விலகித்தான் நிற்கும்.

சரி, எந்தப் பக்கத்தை நம்புவது? பிளாக்கை. பெல்ட்டை ஓட்டுவது கிராங்க் புல்லி, கிராங்க் இருப்பது பிளாக்கில். பிளாக்கோடு பிராக்கெட்டைப் பூட்டிவிட்டால் கிராங்க்குக்கும் சூப்பர்சார்ஜருக்கும் உள்ள தூரம் மாறாது, ஹெட் பக்கம் மட்டும் ஒரு இணைப்புத் தகடு செய்தால் போதும். சூப்பர்சார்ஜரிலிருந்து மேலே போகிற காற்றுக் குழாயை அந்த உயர வித்தியாசத்துக்கு நீட்ட வேண்டியிருக்கும், அது பிராக்கெட்டை வளைப்பதைவிட எவ்வளவோ எளிது.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பிளாக்கில் உள்ள மரை ஓட்டைகளைச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியை விட்டு ஆழம் குறித்துக்கொள்ளுங்கள், போல்ட் அடியில் முட்டி நின்றால் இறுகியதுபோல் தெரியும், ஆனால் பிராக்கெட்டைப் பிடித்திருக்காது. இன்னொன்று, டொயோட்டா எம்10 போல்ட்டுகளில் பெரும்பாலும் மரை 1.25 பிட்ச் (மரைக்கு மரை உள்ள இடைவெளி, மி.மீ.யில்). கடையில் எம்10 என்று கேட்டால் கைக்கு வருவது 1.5. முதல் இரண்டு சுற்று ஏறிவிடும், அப்புறம் இறுகும், அந்த இடத்தில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை போயிற்று. கையால் முழுக்க ஏறாத போல்ட்டை ஏற்றவே வேண்டாம்.

இனி அளவெடுத்து அட்டையில் மாதிரி வெட்டும் வேலை. பிராக்கெட்டைப் பிளாக்கில் கையிறுக்கமாகப் பூட்டி, சூப்பர்சார்ஜரை அதில் தூக்கி வைத்து, கீழே ஒரு ஜாக்கியோ மரக்கட்டையோ கொடுத்துத் தாங்குங்கள். கிராங்க் புல்லியின் முகத்தில் நேரான இரும்புப் பட்டை ஒன்றை வைத்து, பெல்ட் பள்ளங்கள் ஒரே தளத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். புல்லியின் விளிம்பைப் பார்க்காதீர்கள், விளிம்பின் அகலம் புல்லிக்குப் புல்லி மாறும். விளிம்பிலிருந்து முதல் பள்ளம் வரை வெர்னியரால் அளந்து கணக்குப் போடுங்கள். 30 செ.மீ. தூரத்துக்கு ஒன்றரை மி.மீ.க்கு மேல் விலகல் இருந்தால் நான் விடமாட்டேன். இது சரியான பிறகுதான் ஹெட் பக்கத்துக்கு அட்டை வெட்டி, அதே வடிவில் 10 மி.மீ. இரும்புத் தகட்டில் இணைப்பைச் செய்ய வேண்டும். வெல்டிங் இருந்தால் வண்டியிலேயே புள்ளி வைத்துவிட்டு, கழற்றி வெளியே முழுக்க அடியுங்கள். சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும், திரும்பப் பூட்டி மறுபடி அளந்துவிடுங்கள்.

தகட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் 2, 3 மி.மீ. இடைவெளி வந்தால் போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள். நான் ஒருமுறை அப்படி மூடினேன். அன்றைக்கு எல்லாம் கச்சிதமாகத் தெரிந்தது. சில வாரம் கழித்துப் பார்த்தால் வார்ப்பு பிராக்கெட்டின் காது (போல்ட் நுழைகிற நீட்டல்), போல்ட் தலைக்கு ஒட்டி, முடி அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. இடைவெளி எவ்வளவோ அதே கனத்தில் லேத்தில் ஒரு ஸ்பேசர் கடைந்து வையுங்கள். ஓட்டையை நீளமாக ராவிச் சரிக்கட்டுவதும் வேண்டாம், பெல்ட் இழுக்க இழுக்க அது நகரும்.

8.8 தர போல்ட் என்றால் இறுக்க வேண்டிய டார்க் எம்8-க்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர், எம்10-க்குச் சுமார் 50. ஹெட் அலுமினியம் என்பதால் அங்கே மரைக்குள் போல்ட் தன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இறங்கியிருக்க வேண்டும்.

பெல்ட்டை விறைப்பாக வைக்கிற டென்ஷனர், கிராங்க் புல்லியை விட்டு பெல்ட் வெளியேறும் தளர்ந்த பக்கத்தில் வர வேண்டும். சூப்பர்சார்ஜருக்குத் தனி எண்ணெய் உண்டு, அதன் அளவையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு சாக்கெட் போட்டு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், எங்கும் உரசக் கூடாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு சூப்பர்சார்ஜர் கிளட்ச் ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். எஸ்சி12-இல் இருப்பது மின்காந்த கிளட்ச், மின்சாரம் இல்லையென்றால் புல்லி மட்டும் சும்மா சுற்றும், காற்று சூப்பர்சார்ஜரைச் சுற்றிப் போகிற பைபாஸ் வழியாகப் போய்விடும். ஐடிலில் பெல்ட் ஓடுவதைப் பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பள்ளம் தாண்டி ஏறினாலோ கருப்புத் தூள் விழுந்தாலோ உடனே நிறுத்தி அளவுக்குத் திரும்புங்கள். நன்றாக ஓடினால் ஒயரை மாட்டலாம்.

மாட்டிய பிறகு பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் கொடுக்கும் கூடுதல் காற்றழுத்தம்) குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எஸ்சி12 ஒரு சுற்றுக்குத் தள்ளுவது அதே 1.2 லிட்டர் காற்றுதான், ஆனால் இன்ஜின் 1587 சிசியிலிருந்து 1762-ஆகிவிட்டது. புல்லி அளவுகள் பழையவையே என்றால் மீட்டர் குறைத்துத்தான் காட்டும். புல்லியை மாற்றும் யோசனையைத் தள்ளிவைத்து, எல்லா போல்ட் தலையிலும் வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டு 100 கி.மீ. ஓட்டுங்கள். கோடு விலகிய போல்ட் இருந்தால், அதை இறுக்குவதற்கு முன் அந்தக் காதின் அடியில் இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள்.