உல்லாசக் கப்பலில் மதுப்போத்தல் வாங்குமுன் கடைசித் துறைமுகத்தைப் பாருங்கள்

மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்தில் கப்பலேறும் நாளில், எந்த நாள் எந்தத் துறைமுகம் என்ற பயணத்திட்டத்தை நாம் பெரும்பாலும் ஊர்சுற்றிப் பார்ப்பதற்காகவே புரட்டுகிறோம். கப்பலில் உள்ள தீர்வையில்லாக் கடையில் ஒரு போத்தல் விஸ்கியோ வைனோ வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும் எண்ணம் உள்ளவர்கள், அந்தத் திட்டத்தின் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். சிங்கப்பூருக்குத் திரும்புமுன் கப்பல் இறுதியாகத் தொடும் துறைமுகம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதும், நாம் சிங்கப்பூருக்கு வெளியே எத்தனை மணி நேரம் இருந்தோம் என்பதுமே அந்தப் போத்தலுக்குத் தீர்வை உண்டா இல்லையா என்பதை முடிவு செய்கின்றன. கடையில் தொங்கும் “தீர்வையில்லை” என்ற அறிவிப்பு, கப்பல் நடுக்கடலில் செல்லும்போது அந்தக் கடை எந்த நாட்டுக்கும் தீர்வை செலுத்தாமல் விற்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. போத்தல் சிங்கப்பூர் மண்ணில் இறங்கும்போது நடப்பதற்கு அந்த அறிவிப்பு பொறுப்பேற்பதில்லை.

சிங்கப்பூர்ச் சுங்கத்துறை மதுபானத்துக்குத் தரும் சலுகையைப் பெற, பயணிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். திரும்பி வருவதற்கு உடனடியாக முன்பு 48 மணி நேரமோ அதற்கு மேலோ அவர் சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். மலேசியா அல்லாத நாட்டிலிருந்து வர வேண்டும். மதுபானம் அவருடைய சொந்த நுகர்வுக்காகவே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சலுகை முழுவதும் போய்விடும். மூன்று பொருந்துகின்றன, ஒன்றுதானே பொருந்தவில்லை என்று பாதிச் சலுகை கேட்க வழியில்லை.

உல்லாசக் கப்பல் பயணிகளைப் பெரிதும் தடுமாற வைப்பது மலேசியா பற்றிய நிபந்தனைதான். இங்கிருந்து கிளம்பும் குறும்பயணங்களில் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், லங்காவி ஆகியவை அடிக்கடி இடம்பெறுகின்றன. அவற்றுள் லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவாக இருப்பதால், அங்குள்ள மதுக்கடைகளின் விலைப்பட்டியலைப் பார்த்த எவருக்கும் கை நீளும். என் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் நேர்ந்தது. முதலில் புக்கெட்டுக்கும் பிறகு லங்காவிக்கும் சென்று சிங்கப்பூர் திரும்பிய கப்பலில் வந்த அவர், தீர்வையற்ற தீவில் வாங்கியதற்குத் தீர்வை இருக்காது என்ற நம்பிக்கையில், ஒரு லிட்டர் பிராந்திப் போத்தல்கள் இரண்டைக் கொண்டுவந்தார். மலேசியாவிலிருந்து வருபவருக்குச் சலுகை இல்லை என்பதை, தீர்வைக்குரிய பொருள்களை அறிவிக்கும் சிவப்புத் தடத்தில் நின்ற சுங்க அதிகாரி பொறுமையாக விளக்கிய பிறகு, தீர்வையாக மட்டும் 70 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 40 காசு செலுத்தினார். அதன் மேல் பொருள் சேவை வரியும் சேர்ந்தது. அதே கப்பல் முதலில் லங்காவிக்கும் பிறகு புக்கெட்டுக்கும் சென்று திரும்பியிருந்தால், அவர் தாய்லாந்திலிருந்து வந்தவராகக் கருதப்பட்டு, இரண்டில் ஒரு போத்தலுக்காவது தீர்வை இல்லாமல் போயிருக்கும். பயணச்சீட்டு வாங்கும்போதே துறைமுகங்களின் வரிசையைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளும்படி நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்தது 48 மணி நேரக் கணக்கு. வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குக் கிளம்பி ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குத் திரும்பும் இரண்டு இரவுப் பயணம் 40 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆகவே அதில் சலுகை கிடையாது. திங்கட்கிழமை காலை 9 மணிக்குத் திரும்பும் மூன்று இரவுப் பயணம் 64 மணி நேரமாகிறது. மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் சலுகை உண்டு. காலையில் இந்தோனீசியத் தீவான பாத்தாமுக்குப் படகில் சென்று மாலையில் திரும்புபவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

சலுகையின் அளவு ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 1க்கு முன்பு இது 3 லிட்டராக இருந்ததால், நம் பெரியவர்களில் சிலர் வடித்த மது ஒன்று, வைன் ஒன்று, பியர் ஒன்று என்று மூன்றையும் கொண்டுவரலாம் என்றே இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அந்த மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் கொண்டுவரலாம். அல்லது வைன் மட்டும் 2 லிட்டரோ, பியர் மட்டும் 2 லிட்டரோ கொண்டுவரலாம். விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா, ஜின் போன்ற வடித்த மதுவை மட்டும் 2 லிட்டர் கொண்டுவர இடமில்லை. வைனும் பியரும் எனக்கு வேண்டா, அதற்குப் பதிலாக இரண்டாவது விஸ்கியைச் சலுகையில் சேருங்கள் என்று கேட்க முடியாது.

எந்தச் சேர்க்கை ஆதாயமானது என்பதை அறிய, தீர்வை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வடித்த மதுவுக்கும் வைனுக்கும் தீர்வை, போத்தலின் விலையைப் பொறுத்ததன்று. அதில் உள்ள மதுச்சத்தின் அளவைப் பொறுத்தது. ஒரு லிட்டர் மதுச்சத்துக்கு 88 வெள்ளி என்பதே விகிதம். 40 விழுக்காடு மதுச்சத்துள்ள ஒரு லிட்டர் விஸ்கியில் 0.4 லிட்டர் மதுச்சத்து இருப்பதால், அதன் தீர்வை 35 வெள்ளி 20 காசு. 13 விழுக்காடுள்ள வைனில் 2 லிட்டருக்கும் சேர்த்து 22 வெள்ளி 88 காசுதான். பியருக்குச் சுங்கத் தீர்வையும் கலால் தீர்வையுமாகச் சேர்த்து, ஒரு லிட்டர் மதுச்சத்துக்கு 76 வெள்ளி. 5 விழுக்காடுள்ள பியர் 2 லிட்டருக்கு 7 வெள்ளி 60 காசு. ஆக, ஒரு லிட்டர் வடித்த மதுவும் ஒரு லிட்டர் வைனும் கொண்டுவருபவருக்கே மிச்சம் அதிகம். பியரைச் சுமந்து வருவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 330 மில்லிலிட்டர் டின்கள் ஆறு சேர்ந்தாலே ஏறத்தாழ 2 லிட்டர் ஆகிவிடும், அந்தச் சுமைக்கேற்ற மிச்சம் அதில் இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து வேறொன்றும் தெரிகிறது. தீர்வை மதுச்சத்தின்படி அமைவதால், 20 வெள்ளிப் போத்தலுக்கும் 200 வெள்ளிப் போத்தலுக்கும், அளவும் மதுச்சத்தும் ஒன்றாக இருந்தால் தீர்வையும் ஒன்றே. மலிவான போத்தலின் உள்ளூர் விலையில் பெரும்பகுதி தீர்வையாக இருப்பதால் அங்கே சலுகையின் பலன் கண்ணுக்குத் தெரியும். விலை உயர்ந்த போத்தலில் தீர்வை சிறு பங்குதான் என்பதால், கப்பல் கடையின் விலை உள்ளூர்க் கடையின் விலையைவிட உண்மையிலேயே குறைவுதானா என்று பார்த்தே வாங்க வேண்டும். கிளம்புவதற்கு முன், வாங்க எண்ணியுள்ள இரண்டு மூன்று வகைகளின் விலையைப் பேரங்காடியிலோ தேக்காவில் உள்ள மதுக்கடையிலோ பார்த்துக் கைப்பேசியில் குறித்துக்கொண்டால் போதும். ஒப்பிடும்போது அளவையும் பார்க்க வேண்டும்: இங்குள்ள கடைகளில் பெரும்பாலும் 700 அல்லது 750 மில்லிலிட்டர் போத்தல்கள் இருக்கின்றன, தீர்வையில்லாக் கடைகளிலோ ஒரு லிட்டர் போத்தல்கள் மிகுதி. கப்பலின் விலை அமெரிக்க டாலரில் இருந்தால், வெள்ளிக்கு மாற்றுவதோடு கடன்பற்று அட்டைக்கு வங்கி விதிக்கும் வெளிநாட்டு நாணயக் கட்டணத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

“இரண்டு வாங்கினால் கழிவு” என்ற அறிவிப்பில் தனியாகப் பயணம் செய்பவர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. ஒரு லிட்டர் விஸ்கி 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சலுகைக்கு மேற்பட்ட இரண்டாவது போத்தலுக்குத் தீர்வை 35 வெள்ளி 20 காசு. போத்தலின் மதிப்பையும் தீர்வையையும் கூட்டி, அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 8 வெள்ளி 57 காசு. ஆக அந்தப் போத்தலின் உண்மை விலை 103 வெள்ளி 77 காசாகிறது. கணவனும் மனைவியுமாகச் சென்றவர்கள் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தம் தம் அறை அட்டையில் தனி ரசீதாக வாங்கி, தம் தம் பையில் எடுத்துவருவதே தெளிவான முறை. 17 வயது மகனின் பெயரில் ஒரு பங்கு கேட்க முடியாது. 18 நிறைந்து தேசிய சேவையில் இருக்கும் மகனுக்குத் தனிப் பங்கு உண்டு.

வெளிநாட்டில் வாங்கிய பொருள்களுக்குப் பொருள் சேவை வரியில் 500 வெள்ளி வரை நிவாரணம் உண்டே, அதில் இந்தப் போத்தலும் அடங்காதா என்று சிலர் கேட்பதுண்டு. மதுபானமும் புகையிலையும் அந்த நிவாரணத்தில் சேர்வதில்லை. மதுவுக்கு அடுத்த அலமாரியிலேயே அடுக்கியிருக்கும் சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் தீர்வைச் சலுகையே கிடையாது. ஒரு பெட்டி கொண்டுவந்தாலும் அறிவித்துத் தீர்வை செலுத்த வேண்டும்.

இனிக் கப்பலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் வரை கடை பூட்டியிருக்கும். கடலுக்குள் சென்ற பிறகே திறப்பார்கள். பணம் கட்டியவுடன் போத்தலைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலான கப்பல்களில் ரசீதை மட்டும் கொடுத்துவிட்டு, போத்தலைப் பயணத்தின் கடைசி இரவில் அறைக்கு அனுப்புவார்கள் அல்லது கடைசி நாள் காலையில் ஓரிடத்தில் வந்து பெற்றுக்கொள்ளச் சொல்வார்கள். இடையில் துறைமுகத்துக் கடையில் வாங்கிவரும் போத்தலையும் கப்பலேறும் வாயிலில் வாங்கி வைத்துக்கொண்டு, இறுதியில்தான் திருப்பித் தருவார்கள். அறையில் சொந்தப் போத்தலைத் திறந்து குடிக்காமல் கப்பலின் மதுக்கூடத்தில் வாங்கிக் குடிக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். பயண நாள்களில் குடிப்பதற்காக வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். வீட்டுக்குக் கொண்டுசெல்வதற்காக மட்டும் வாங்க வேண்டும்.

கடைசி இரவில் பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடும்படி ஊழியர்கள் சொல்வார்கள். போத்தல் அதற்குப் பிறகு வந்து சேரலாம் என்பதால், அடிப்பக்கம் உறுதியான ஒரு கைப்பையைத் தனியே வைத்திருக்க வேண்டும். இரண்டு துண்டுகளும் பழைய சட்டை ஒன்றும் இருந்தால் போத்தலைச் சுற்றி வைக்கப் போதும்.

கரையிறங்கிய பின், சலுகைக்கு உட்பட்ட அளவு மட்டும் வைத்திருப்பவர் பச்சைத் தடத்தில் செல்லலாம். அளவு மிஞ்சியவரும், 48 மணி நேரம் நிறையாதவரும், மலேசியாவிலிருந்து வந்தவரும் சிவப்புத் தடத்துக்குச் சென்று அறிவிக்க வேண்டும். சுங்கத்துறையின் ‘கஸ்டம்ஸ்@எஸ்ஜி’ இணையச் செயலி வழியாகக் கரைக்கு வருமுன்பே அறிவித்துத் தீர்வையையும் வரியையும் கட்டிவிட்டால், மின்ரசீதுடன் பச்சைத் தடத்திலேயே வெளியேறலாம். முதியவர்களை அழைத்துச் செல்லும்போது இது பெரிய வசதி. ஐயம் இருந்தால் சிவப்புத் தடத்தில் நின்று அதிகாரியிடம் கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. மாறாக, சொல்லாமல் பச்சைத் தடத்தில் சென்று பிடிபட்டால், ஏய்த்த தீர்வையையும் வரியையும் போல 20 மடங்கு வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 750 மில்லிலிட்டர் வைன் போத்தல் ஒன்று கூடுதலாக இருந்தால், அந்தப் போத்தல் முழுவதற்கும் தீர்வை விதித்தாலும் 8 வெள்ளி 58 காசுதான். அதற்காக இவ்வளவு பெரிய இடரை ஏற்பது எனக்குப் புரிவதே இல்லை. 10 லிட்டருக்கு மேல் கொண்டுவருபவர்கள் சுங்க அனுமதி பெற வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழகத்திலிருந்து வந்து நம்மோடு கப்பலில் பயணம் செய்து, சாங்கியிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ பறக்கும் உறவினர்களுக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. கப்பலில் வாங்கிய போத்தலை விமானத்துக்குள் கைப்பையில் எடுத்துச்செல்ல முடியாது; 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவம் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. பதிவுசெய்யும் பெட்டியில் வைக்க வேண்டும். அதிலும் 24 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை மதுச்சத்துள்ளவற்றை ஆளுக்கு 5 லிட்டர் வரை, கடையில் வாங்கியபடி மூடி பிரிக்காமல் கொண்டுசெல்லலாம். 70 விழுக்காட்டைத் தாண்டியவற்றை விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். இந்தியச் சுங்கத்தில் தீர்வையில்லாத அளவு ஆளுக்கு 2 லிட்டர் என்பதால், கப்பலில் ஏற்கெனவே 2 லிட்டர் வாங்கியவர் சாங்கியின் தீர்வையில்லாக் கடையில் மீண்டும் வாங்கினால், சென்னையிலோ திருச்சியிலோ இறங்கும்போது அந்தக் கூடுதலுக்குத் தீர்வை கட்ட வேண்டியிருக்கும்.