திருச்சிக்குப் போகிறீர்களா? ஆறு பிரியும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு விமானங்கள் நேராக வந்து இறங்குவதால் வெளிநாட்டுத் தமிழர் பலருக்குத் தாயகத்தின் வாசலே திருச்சிதான். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் மலைக்கோட்டையில் ஒரு படம், ஸ்ரீரங்கத்தில் ஒரு தரிசனம் என்று அரை நாளில் முடித்துக்கொண்டு தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்த ஊருக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பது காவிரி ஆற்றைப் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில், எந்த மாதம் வருவது என்பது. காவிரிக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். இருப்பு குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். பிப்ரவரி முதல் மே வரை வந்தால் பாலத்திலிருந்து தெரிவது மணலும் நாணலும்தான். ஆடிப்பெருக்கன்று (ஆகஸ்ட் 2 அல்லது 3) அம்மா மண்டபம் படித்துறைக்குப் போக நினைத்தால் விடிவதற்கு முன்பே போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் கால் வைக்க இடமிருக்காது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் வருபவர்கள் வைகுண்ட ஏகாதசி தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். அந்த நாள்களில் ஸ்ரீரங்கத்தில் அறை கிடைப்பது அரிது, கோயிலைச் சுற்றிய தெருக்களில் வண்டியும் போகாது. கண்டோன்மெண்ட் பக்கம் தங்குவது நல்லது.

முதல் நாள் காலையில் மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் உள்ள முக்கொம்பு. ஒரே ஆறாக வரும் காவிரி இங்கே இரண்டாகப் பிரிகிறது: தெற்குக் கிளை காவிரியாகவே ஓடுகிறது, வடக்குக் கிளை கொள்ளிடம். நடுவில் கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடி, காவிரி மண் மேடிட்டு, தஞ்சை வயல்கள் காயத் தொடங்கின. அதைத் தடுக்க ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைத் தொடங்கினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்தக் கதவணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. அதன் பிறகு புதிய கதவணை கட்டப்பட்டது.

மாலையில் கிழக்கே கல்லணைக்குப் போங்கள். கரிகாலன் பெயரோடு சேர்ந்த இந்த அணையிடமிருந்துதான் ஆழங்காண முடியாத மணலில் அடித்தளம் போடக் கற்றதாகக் காட்டனே எழுதியிருக்கிறார். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால் பழைய வேலை எது, வெள்ளைக்காரன் வேலை எது, இரண்டும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பது கண்ணுக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை: கொள்ளிடத்தில் குளிக்க இறங்காதீர்கள். மணல் எடுத்த குழிகள் நீருக்கடியில் மறைந்திருக்கும். முழங்கால் அளவு நீரில் நிற்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடுவார். மேலே தண்ணீர் திறந்துவிட்டால் மட்டம் விறுவிறுவென்று ஏறும். குழந்தைகளைப் படித்துறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மலைக்கோட்டை. காலை ஒன்பதுக்கு முன் ஏறிவிடுங்கள், இல்லையென்றால் நாலரைக்கு மேல். செருப்பை அடிவாரத்திலேயே விட வேண்டும். நடுப்பகலில் திறந்த பாறை உள்ளங்காலைப் பொசுக்கிவிடும். பையில் ஒரு ஜோடி பருத்திக் காலுறை இருக்கட்டும். நானூறுக்கு மேல் படிகள். முதல் பகுதி பாறையைக் குடைந்த நடை, நிழலாக இருக்கும். வயதானவர்கள் தாயுமானவர் சன்னிதியோடு நின்றுகொள்ளலாம். அதற்கு மேலே போகும்போது மகேந்திரவர்மன் குடைந்த குகையைத் தாண்டிவிடாதீர்கள். கங்கையைச் சடையில் தாங்கும் சிவன் சிற்பம் அங்கேதான்.

உச்சிப்பிள்ளையார் சன்னிதி வெளித்திண்ணையில் வடக்கு நோக்கி நில்லுங்கள். அருகில் காவிரி, அதன் பின்னே தென்னந்தோப்புகளுக்கு மேல் ராஜகோபுரம், அதற்கும் அப்பால் வெளுத்த கோடாகக் கொள்ளிடம். 1751-இல் ஆற்காட்டு நவாப் பதவிக்கு இருவர் போட்டி: இந்தக் கோட்டைக்குள் ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி, வெளியே பிரெஞ்சுப் படையோடு சந்தா சாகிப். முற்றுகையை இளக்கவே ஆங்கிலேயப் படை அதிகாரி கிளைவ் ஆற்காட்டைத் தாக்கினார். மறு ஆண்டு லா (Law) என்ற பிரெஞ்சுத் தளபதி பின்வாங்கி ஸ்ரீரங்கம் தீவுக்குள் புகுந்தார். அரணாக இருக்கும் என்று நம்பிய இரண்டு ஆறுகளே பொறியாயின. இரு கரையையும் எதிரிகள் அடைத்ததும் உணவு வரும் வழி நின்றது. 1752 ஜூனில் அவர் சரணடைந்தார், சந்தா சாகிப் கொல்லப்பட்டார். தென்கிழக்கே தெரியும் பொன்மலையில் 1753-இல் ஆங்கிலேயத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் பிரெஞ்சுக்காரரை மீண்டும் தோற்கடித்தார்.

இறங்கியதும் தெப்பக்குளம். அதன் கரையோரம் 1766-இல் ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் எழுப்பிய கிறிஸ்து ஆலயம், லூர்து மாதா கோயில், தூய வளனார் கல்லூரி விடுதி வளாகத்துக்குள் கிளைவ் வீடு. விடுதி என்பதால் வாயிலில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோட்டை மதிலைத் தேடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே இடித்து அகழியையும் தூர்த்துவிட்டார்கள். மெயின்கார்டுகேட் வாயில் மட்டும் நிற்கிறது. மேற்கு, கிழக்கு புலிவார்டு ரோடுகளில் நடந்தால் பழைய மதில் ஓடிய வழியே நடக்கிறீர்கள். நத்தர்வலி தர்காவில் ஆற்காட்டு நவாபான அதே முகமது அலியின் கல்லறை இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு போங்கள். கண்டோன்மெண்டில் தூய யோவான் ஆலயத்தில், 1826-இல் இந்த ஊரில் குளிக்கும்போது இறந்த கல்கத்தா பிஷப் ஹீபர் அடக்கமாகியிருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் போனால் கதவு திறந்திருக்கும்.

ஊருக்குள் 1-ஆம் எண் டவுன் பஸ் மத்திய பேருந்து நிலையம், சத்திரம், ஸ்ரீரங்கம் என்று போகிறது. வெளியூர் பஸ் ஏறுவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்: 2025-இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறந்தாயிற்று, உறவினர் பழக்கத்தில் சொல்லும் இடத்தில் உங்கள் பஸ் நிற்காமல் போகலாம்.

மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று. 1862-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் வந்த பிறகு, தோட்ட வேலைக்குப் போன பல குடும்பங்கள் அந்தப் பாதையில்தான் கப்பலுக்குப் போயின. வீட்டுக் காகிதத்தில் ‘திருச்சினாப்பள்ளி ஜில்லா’ என்றிருந்தால் ஊர் இன்றைய திருச்சி மாவட்டத்தில்தான் இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். குளித்தலை இப்போது கரூர் மாவட்டம், உடையார்பாளையம் அரியலூர் மாவட்டம். பெரம்பலூர் தனி மாவட்டமாகிவிட்டது. தாலுக்கா பெயரை முதலில் கண்டுபிடித்து, பிறகு அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு; குலதெய்வத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் சட்டென்று வழிகாட்டுவார்கள்.