கோபம் யார் மேல்? குருட்டு நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் ராக் பாடல்களைப் படிப்பது எப்படி

மதத்தைத் தொடுகிற ராக் பாட்டு ஒன்று காதில் விழுந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. பக்தி உள்ளவர் "கடவுளையே திட்டுறாங்களே" என்று நிறுத்திவிடுகிறார், பக்தி இல்லாதவர் "சபாஷ், நம்ம கட்சி" என்று சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். இரண்டு பேருமே வரிகளைப் படிக்கவில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம், ஏனென்றால் இந்த வகையில் நல்ல பாடல்கள் எல்லாம் நிறைய யோசித்து எழுதப்பட்டவை, சில ஆறாத வலியிலிருந்து வந்தவை, அவற்றை ஒரு கோஷமாகக் குறுக்கினால் எழுதியவருக்கும் அநியாயம், கேட்கிற நமக்கும் நஷ்டம்.

கோபம் இருக்கிறது என்பது யாருக்கும் கேட்கும், டிரம்ஸும் கிட்டாரும் அதைச் சொல்லிவிடும். யார் மேல் கோபம் என்பதைத்தான் தேட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான். ஆங்கிலம் சுமாராகத் தெரிந்தால் போதும், பக்கத்தில் ஒரு அகராதி இருக்கட்டும், இசை இலக்கணம் எதுவும் தேவையில்லை.

படி 1: பாட்டை நிறுத்துங்கள், முழு வரிகளையும் படியுங்கள்

கேட்டுக்கொண்டே படிக்க வேண்டாம். பாடகரின் குரல் நமக்கு முன்னாலேயே ஒரு முடிவைத் திணித்துவிடும். முடிந்தால் ஆல்பத்தோடு வந்த அச்சிட்ட வரிகளையே எடுங்கள், இணையத்தில் கிடைப்பவற்றில் தப்பாகக் காதில் வாங்கி எழுதியவை நிறைய.

ஏன் முழுவதும் படிக்க வேண்டும் என்பதற்கு பிளாக் சப்பாத் குழுவின் 'ஆஃப்டர் ஃபாரெவர்' ஒன்றே போதும். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் இருக்கிறது. போப்பாண்டவர் கயிற்றில் தொங்குவதைப் பார்க்க ஆசையா என்று அதில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை மட்டும் பிடுங்கி எடுத்தால் சாத்தான் வழிபாடு என்று சொல்லிவிடலாம், அந்தக் குழுவைப் பற்றி அப்படிச் சொன்னவர்களும் நிறைய. ஆனால் அது ஒரு கேள்வி. நம்பிக்கையைக் கேலி செய்கிற ஒருவனைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி. முன்னும் பின்னும் படித்துப் பாருங்கள்: நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில்தான் கடவுளை நம்புவதாகச் சொல்லத் தயங்குகிறாயா, கூட்டம் எங்கே ஓடினாலும் பின்னாலேயே ஓடும் அளவுக்கு உன் மனசு சின்னதா என்றெல்லாம் கேட்கிறது, அன்புக்குக் கடவுள்தான் வழி என்கிறது. வரிகளை எழுதிய கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். அதாவது இந்தப் பாட்டு குருட்டுத்தனத்தை விமர்சிக்கிறது, ஆனால் இங்கே குருட்டுத்தனம் என்பது நம்பாதவர்களின் மந்தை குணம். இதை முதல் படியிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

படி 2: 'நான்' என்று பேசுவது யார்?

பாடுகிறவரும் பாட்டுக்குள் பேசுகிறவரும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வதில்தான் புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

ஜெனிசிஸ் குழுவின் 'ஜீசஸ் ஹி நோஸ் மீ' 1991 ஆல்பத்தில் வந்து 1992-இல் தனி வெளியீடாகவும் வந்தது. தலைப்பையும் பல்லவியையும் மட்டும் கேட்டால் துள்ளலான பக்திப் பாட்டு. சரணத்தைப் படித்தால்தான் 'நான்' என்பவர் டி.வி.யில் வரும் ஒரு பிரசங்கி என்பது புரியும். நாற்காலியை விட்டுக்கூட எழுந்திருக்க வேண்டாம், பணம் மட்டும் அனுப்புங்கள் என்கிறார். மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு குடும்பத்தின் பெருமை பேசுகிறார், அவருக்கு ஒரு காதலி இருப்பது அந்த மனைவிக்குத் தெரியாது. கடைசியில் நான் செய்வதைச் செய்யாதே, சொல்வதைச் செய் என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறார். குழுவின் பாடகர் ஃபில் காலின்ஸ் இந்த ஆளைத் திட்டி ஒரு வரிகூடப் பாடவில்லை. அந்த ஆளாகவே மாறிப் பாடுகிறார், மிச்சத்தை அவர் வாயே பார்த்துக்கொள்கிறது.

எனவே ஒரு பென்சில் எடுத்து ஒவ்வொரு 'நான்', 'என்னை', 'என்' கீழும் கோடு போடுங்கள். பாட்டின் நடுவில் ஆள் மாறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள், பாட்டில் யாரும் மேற்கோள் குறி போட்டுப் பாடுவதில்லை. மெட்டாலிகா குழுவின் 'லெப்பர் மெசையா' (தொழுநோயாளி மீட்பர், 1986) முழுக்க வெளியே நின்று பேசுகிற ஒரு குரல், ஆனால் திடீரென்று எனக்குப் பணம் அனுப்பு, சொர்க்கத்தில் நல்ல இருக்கை கிடைக்கும் என்று ஒரு இடம் வருகிறது. அந்த 'எனக்கு' பாடகருடையது இல்லை, போதகருடையது. இரண்டு வரிக்கு மட்டும் அவர் மைக்கைப் பிடுங்கிக்கொள்கிறார்.

படி 3: விரல் யாரை நோக்கி நீள்கிறது?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள், எல்லாம் இங்கேதான் இருக்கிறது. பொதுவாக நாலு பேரில் ஒருவர் மாட்டுவார்: கடவுள், போதகர், மத நிறுவனம், பின்னால் போகிறவர். ஒரே பாட்டில் இரண்டு பேர் மாட்டுவதும் உண்டு.

'லெப்பர் மெசையா'வையே மறுபடி எடுப்போம். டி.வி. போதகர்களைக் கிழிக்கிற பாட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் ஆரம்ப வரிகளைப் பாருங்கள், முதுகெலும்பு இல்லாதவன் என்ற வசவு 'உனக்கு'. ஊருக்குள் சர்க்கஸ் வருகிறது, அதில் தலைமைக் கோமாளி வேஷம் 'உனக்கு'. போதகர் அந்தப் பாட்டில் 'அவன்', வித்தை காட்டுகிறவன், அவ்வளவுதான். போதைக்கு அடிமையானவன் தன் அடுத்த ஊசியைத் தேடுவதுபோல ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைத் தேடி வருகிறவன் 'நீ'. அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு போதைப் பழக்கத்தைப் பற்றியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஊசி சும்மா வந்து விழவில்லை என்று தெரியும். ஆகவே கோபத்தின் பெரிய பங்கு ஏமாற்றுகிறவனைவிட ஏமாறச் சம்மதிக்கிறவன் மேல். எனக்கு இது கொஞ்சம் கடுமையாகவே படுகிறது, ஏமாறுகிறவர்களில் நோயாளிகளும் தனிமையில் தவிப்பவர்களும் எத்தனையோ பேர். ஆனாலும் பாட்டு அப்படித்தான் சொல்கிறது, நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை மாற்றிப் படிக்க முடியாது. இன்னொன்று, 'லெப்பர் மெசையா' என்ற சொற்சேர்க்கை டேவிட் போவி 1972-இல் ஒரு கற்பனை ராக் நட்சத்திரத்தைப் பற்றிப் பாடியதில் ஏற்கனவே இருக்கிறது. மேடைக்குக் கீழே கை தூக்கி நிற்கும் ரசிகர் கூட்டத்தையும் அந்த 'நீ'க்குள் வைத்துப் படிக்கலாம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஜெத்ரோ டல் குழுவின் 'அக்வாலங்' (1971). அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்துக்கே 'மை காட்' என்றுதான் பெயர். அட்டையில் விவிலிய நடையில், ஆதியிலே மனிதன் கடவுளைப் படைத்தான் என்று எழுதியிருப்பார்கள். இதைப் பார்த்ததும் நாத்திகம் என்று முடிவு கட்டாதீர்கள். 'மை காட்' பாட்டில் குழுவின் பாடகர் இயன் ஆண்டர்சன் கேட்பது, கடவுளைத் தங்கக் கூண்டில் பூட்டி உங்கள் மதத்துக்கு ஏற்ப வளைத்துவிட்டீர்களே என்று. 'வைண்ட் அப்' பாட்டிலோ கடவுளிடமே போய்க் கேட்கிறான் ஒருவன், ஞாயிறுதோறும் சாவி கொடுத்து முடுக்குகிற பொம்மை நான் இல்லை என்று பதில் வருகிறது. விரல் நிறுவனத்தை நோக்கி இருக்கிறது, கடவுள் மேல் பரிவுகூட இருக்கிறது. சிவவாக்கியரைப் படித்தவர்களுக்கு இந்தத் தொனி புதிதல்ல. நட்ட கல்லைச் சுற்றிவந்து முணுமுணுப்பது என்ன மந்திரம் என்று அதட்டுகிறவர்தான் நாதன் உள்ளே இருக்கிறான் என்றும் சொல்கிறார்.

கடவுளையே நோக்கி விரல் நீளும் பாட்டும் உண்டு. எக்ஸ்.டி.சி. குழுவின் 'டியர் காட்' (1986) ஒரு கடிதம். பசி, போர், உன் பெயரால் நடக்கும் சண்டைகள் என்று அடுக்கிவிட்டு உன்னை நம்ப முடியவில்லை என்கிறது. இல்லாத ஒருவருக்குக் கடிதம் எதற்கு என்ற கேள்வியைப் படிக்கும்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த முரண்பாட்டில்தான் பாட்டின் வலி இருக்கிறது.

படி 4: ஆண்டைப் பாருங்கள்

இது சுலபம், பத்து நிமிட வேலை, ஆனால் பல தவறான விளக்கங்களை இதுவே வடிகட்டிவிடும். அமெரிக்காவில் 1987 ஜனவரியில் ஓரல் ராபர்ட்ஸ் என்ற டி.வி. போதகர் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் என்னை அழைத்துக்கொள்வார் என்று அறிவித்தார். அதே ஆண்டு ஜிம் பேக்கர் என்ற இன்னொரு டி.வி. போதகர் பதவி விலகினார், 1989-இல் மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டார். 1988 பிப்ரவரியில் ஜிம்மி ஸ்வாகர்ட் என்ற மூன்றாவது போதகர் கேமரா முன்னால் அழுதபடி பாவம் செய்துவிட்டேன் என்றார். ஆஸி ஆஸ்போர்னின் 'மிராக்கிள் மேன்' (1988), அயர்ன் மெய்டனின் 'ஹோலி ஸ்மோக்' (1990), மேலே சொன்ன ஜெனிசிஸ் பாட்டு எல்லாம் இந்த அலைக்குப் பின்னால் வந்தவை. 'லெப்பர் மெசையா' 1986, இவற்றுக்கு முன்னால். ஆகவே அதை இந்த ஊழல்களுக்கான பதில் என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

படி 5: விவிலியத்தைத் திறந்து வையுங்கள்

மேற்கத்திய ராக் எழுத்தாளர்கள் மதத்தைத் தாக்கும்போதும் மதத்தின் மொழியிலேயே தாக்குகிறார்கள். ஆடு, மேய்ப்பன், ஆணி, இரத்தம், தொழுநோய், வெள்ளம் எது வந்தாலும் மூலத்தைத் தேடிப் படியுங்கள். பிங்க் ஃபிளாய்டின் 'ஷீப்' (1977) நடுவில் இயந்திரம் பேசுவதுபோல ஒரு குரல் 23-ஆம் சங்கீதத்தைச் சொல்லும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்கும் அதே சங்கீதம்தான், ஆனால் புல்வெளிக்கும் அமைதியான தண்ணீருக்கும் பிறகு கொக்கியில் தொங்கவிட்டுக் கறியாக்கும் மேய்ப்பர் வருகிறார். மூலம் தெரியாதவருக்கு இது வெறும் விசித்திரமான முணுமுணுப்பு.

படி 6: இப்போது கேளுங்கள்

குரல் எங்கே மாறுகிறது, எங்கே தேவாலய ஆர்கன் வருகிறது, எங்கே அமைதி. 'டியர் காட்' ஒரு குழந்தையின் குரலில் தொடங்கி, பெரியவர் கத்தித் தீர்த்த பிறகு, மீண்டும் அந்தக் குழந்தையின் குரலில் முடிகிறது. அச்சில் இது தெரியவே தெரியாது. அமைதிக்கும் அர்த்தம் உண்டு. 1978-இல் கிராஸ் என்ற பங்க் குழுவின் இசைத்தட்டில் ஒரு பாட்டு தெய்வநிந்தனை என்று சொல்லித் தொழிற்சாலைக்காரர்கள் அச்சிட மறுத்தார்கள், குழு அந்த இடத்தில் வெறும் மௌனத்தை வைத்து அதற்குப் பேச்சுச் சுதந்திரத்தின் ஓசை என்று பொருள்படப் பெயரும் வைத்தது.

படி 7: எழுதியவரின் வாழ்க்கையைக் கடைசியில் பாருங்கள்

முதலிலேயே பார்த்தால் அதையே வரிகளில் தேடுவோம். மெட்டாலிகாவின் 'தி காட் தட் ஃபெயில்ட்' (1991) பாட்டை வைத்து எல்லாப் படிகளையும் ஒருமுறை நடந்து பார்ப்போம்.

தலைப்பு கடவுளைக் குற்றம் சாட்டுகிறது. ஆனால் உள்ளே போனால் பேச்சு முழுவதும் ஒரு 'நீ'யிடம், மண்டியிடும்போது பெருமைப்பட்ட ஒரு 'நீ'யிடம். மண்டியிடுவது பணிவு என்று நினைப்போம், இவர் அதில் பெருமையைப் பார்க்கிறார். 'நான்' ஒரு சாட்சி மட்டுமே: உன் கண்ணில் நம்பிக்கையைப் பார்க்கிறேன், உன் அழுகையில் நம்பிக்கையைக் கேட்கிறேன். பிறகு பல்லவியில் குணமாக்கும் கை ஒன்று வருகிறது, ஆழ இறங்கிய ஆணி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கிய இயேசுவின் கை, சிலுவை ஆணியால் நகர முடியாமல் நிற்கிறது. அது மருத்துவரின் கையாகவும் இருக்கலாம் என்பது என் வாசிப்பு, கோட்பாடு என்ற ஆணி அதை நோயாளியிடம் வரவிடவில்லை.

இப்போது வாழ்க்கை. வரிகளை எழுதிய மெட்டாலிகா பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் பெற்றோர் கிறிஸ்தவ அறிவியல் என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள், மருந்தைவிடப் பிரார்த்தனையால் குணமாவதை நம்புகிற பிரிவு. அவருக்கு 16 வயதாக இருக்கும்போது, 1980-இல், அம்மா புற்றுநோயில் இறந்தார். அந்த 'நீ' அம்மாதான் என்று உடனே தோன்றும், பெரும்பாலானவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் இரண்டாம் சரணத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்ற நீ வைத்த நம்பிக்கை உன்னை வெறுமையில் விட்டு அவனைக் கல்லறையில் போட்டது என்று வருகிறது. இறந்தது அம்மா இல்லை, பிள்ளை. வாழ்க்கைக் கதை இந்த இடத்தில் பொருந்தவில்லை. பொருந்தாத வரியைத் தள்ளிவிடாதீர்கள், அங்கேதான் பாட்டு எழுதியவரைத் தாண்டிப் போகிறது. பிரார்த்தனையை மட்டும் நம்பிப் பிள்ளையை இழந்த பெற்றோர்கள் மேல் அமெரிக்காவில் வழக்குகள் நடந்த காலம் அது. தன் இழப்பைத் திருப்பிப் போட்டு அப்படிப்பட்ட எல்லா வீடுகளுக்கும் அவர் பேசுகிறார் என்று நான் படிக்கிறேன்.

கடைசியாக உங்கள் வாசிப்பை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். என்னுடையது இது: நம்பிக்கை குணமாக்கும் கையையே தடுத்துவிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவன், நேசிக்கிற ஒருவரிடம் கோபமும் துக்கமுமாகப் பேசுகிறான். எழுதிய வாக்கியத்தோடு ஒத்துப்போகாத வரி எது என்று மறுபடி தேடுங்கள், இருந்தால் வாக்கியத்தை மாற்றுங்கள், வரியை வளைக்காதீர்கள்.

பழகிப் பார்க்க 'மிராக்கிள் மேன்', 'ஹோலி ஸ்மோக்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பின்னணி ஒன்று, இடையில் இரண்டு ஆண்டு இடைவெளி. யார் பேசுகிறார்கள், விரல் யார் மேல் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.