ஐசியுவிலிருந்து திரும்பிய பின் ஹார்மோன் பரிசோதனை: எதை உடனே பார்ப்பது, எதற்குப் பொறுத்திருப்பது

கடும் தொற்றிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவருக்கு அசதி இருக்கத்தான் செய்யும். தசை கரைந்திருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், ரத்தம் குறைந்திருக்கும். இந்த அசதிக்குள் ஹார்மோன் குறைபாடு ஒளிந்திருந்தால் தனியாகத் தெரியாது. அதனால் பலர் டிஸ்சார்ஜ் ஆன பத்தாம் நாளே எல்லா ஹார்மோனுக்கும் சேர்த்து ரத்தம் கொடுத்துவிட்டு, பாதி எண்கள் அளவு தப்பி வந்ததும் பதறிப்போகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை பொறுத்துப் பார்க்க வேண்டியவை. காத்திருக்கக் கூடாதது, சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்டிசால்தான்.

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எந்த ஸ்டீராய்டு (எத்தனை மி.கி., எந்தத் தேதியில் தொடங்கி எப்போது நின்றது); ரத்தம் ஏற்றினார்களா; தைராய்டையும் பாதிக்கக்கூடிய இதயத் துடிப்பு மருந்தான அமியோடரோன் கொடுத்தார்களா; ஸ்கேனில் அட்ரீனல் சுரப்பியில் ரத்தக்கசிவு என்று எழுதியிருக்கிறதா. ஸ்டீராய்டு தேதிகள் இல்லையென்றால் வார்டில் கேட்டு எழுதி வாங்குங்கள். பின்னால் எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான்.

செப்டிக் ஷாக்கில், அதாவது தொற்றால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும்போது, கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு வழக்கமாக நாளொன்றுக்கு 200 மி.கி. போகும். கார்டிசால் குறைபாடு உள்ளவருக்கு அன்றாடம் ஈடுகட்டத் தேவைப்படுவதே 15 முதல் 25 மி.கி.தான். வெளியிலிருந்து இவ்வளவு வரும்போது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அட்ரீனலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது, அட்ரீனல் தூங்கிவிடுகிறது. ஒரு வாரத்தில் நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் தானே விழித்துக்கொள்ளும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் போயிருந்தால் திடீரென நிறுத்தக் கூடாது. டாக்டர் எழுதிய படிகளில்தான் குறைக்க வேண்டும். மாத்திரை தீர்ந்துவிட்டது, அதான் நிறுத்திவிட்டேன் என்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

பசியின்மை, குமட்டல், வயிற்றுவலி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, சர்க்கரை தாழ்வது ஆகியவை கார்டிசால் குறைபாட்டைச் சந்தேகிப்பதற்கான அறிகுறிகள். வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிபி எடுங்கள். எழுந்து நின்றதும் 1-ஆவது நிமிடமும் 3-ஆவது நிமிடமும் மறுபடி எடுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்கட்டும். மேல் எண் படுத்திருந்தபோது இருந்ததைவிட 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். நீர்ச்சத்து குறைந்தாலும், பிபி மாத்திரையாலும் இப்படி இறங்கும். எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பது அவர் வேலை.

கார்டிசாலுக்கு ரத்தம் காலை 8 முதல் 9 மணிக்குள் கொடுக்க வேண்டும். மதியம் எடுத்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஹைட்ரோகார்ட்டிசோன் சாப்பிடுபவர் கடைசி மாத்திரைக்கும் ரத்தத்துக்கும் இடையில் 24 மணி நேரம் விட வேண்டும். ஆனால் டாக்டர் சொன்னால் மட்டும், நன்றாக இருக்கும் நாளில் மட்டும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைப் பல ஆய்வகக் கருவிகள் கார்டிசால் என்றே எண்ணிவிடும், எண் பொய்யாக ஏறும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கருவியை ஏமாற்றாது, ஆனால் கார்டிசால் சுரப்பையே அமுக்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் எண்ணை உயர்த்திக் காட்டும்.

ஸ்டீராய்டு குறைத்துவரும் ஒருவருக்குக் காலைக் கார்டிசால் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் வந்தால் சுரப்பி விழித்துவிட்டது என்று கொள்ளலாம். 5-க்குக் கீழ் என்றால் மாத்திரை தொடரும், சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இடையில் வந்தால் சிலருக்கு ஏசிடிஎச் (அட்ரீனலுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் கட்டளை ஹார்மோன்) ஊசி போட்டுத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை தேவைப்படும்.

மாத்திரை தொடரும் வரை காய்ச்சல் வந்தால் டோஸை இரண்டு மூன்று மடங்காக்குவது எப்படி என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லையென்றால் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி வேண்டும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு எடுக்கிறார் என்ற அட்டை பர்ஸில் இருக்கட்டும். அட்ரீனலில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர் கதை வேறு. உள்ளங்கை ரேகையும் ஈறும் கருப்பது, உப்புக்கு ஏங்குவது, சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறுவது என்று வந்தால் அது நிரந்தரக் குறைபாடாக இருக்கலாம். உடலில் உப்பைத் தக்கவைக்கும் மருந்தான ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் சேர்த்துத் தேவைப்படும்.

தைராய்டுக்குப் பொறுமை வேண்டும். கடும் நோயில் உடல் சிக்கனம் பிடிக்கிறது: தைராய்டு ஹார்மோனான டி3 விழுகிறது, தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்எச் தாழ்கிறது. தேறும்போது டிஎஸ்எச் தற்காலிகமாக எகிறி 20 வரைகூடப் போகும். அந்த வாரத்தில் பார்த்தவர் தேவையில்லாமல் தைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரையில் மாட்டிக்கொள்கிறார். தேறி 6 முதல் 8 வாரம் கழித்துப் பாருங்கள். பயோட்டின் (முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் வைட்டமின்) மாத்திரை இருந்தால், அது எண்ணைக் குழப்பும் என்பதால் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். முன்பிருந்தே தைராக்ஸின் சாப்பிடுபவர் நிறுத்தக் கூடாது. கார்டிசாலும் தைராய்டும் இரண்டுமே குறைவு என்றால் ஸ்டீராய்டுதான் முதலில். வரிசை மாறினால் இருக்கும் கொஞ்சக் கார்டிசாலும் வேகமாகச் செலவாகி உயிருக்கே ஆபத்தாகும்.

ஐசியுவில் சர்க்கரை ஏறியவர் எல்லோரும் சர்க்கரை நோயாளி அல்ல. ஸ்டீராய்டு குறையக் குறைய இன்சுலின் தேவையும் குறையும். பழைய டோஸையே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். ரத்தம் ஏற்றியிருந்தால் எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) மூன்று மாதத்துக்கு நம்பகமில்லை. அதுவரை வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் எடுக்கும் ரத்தச் சர்க்கரை அளவுதான் கணக்கு.

ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதும் சகஜம், தேறத் தேறத் திரும்பும். மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, காட்டுங்கள். டெஸ்டோஸ்டிரோனை உடல் தேறிய பின் வெறும் வயிற்றில், காலையில், இரண்டு தனித்தனி நாளில் பார்த்தால்தான் செல்லும். ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலி மாத்திரை தொடர்ந்தால் அது தாழ்ந்தே இருக்கலாம்.

மூளைக்காய்ச்சல் வந்தவர்கள் மட்டும் சிறுநீரையும் கவனிக்க வேண்டும்: பிட்யூட்டரி பாதிக்கப்பட்டால் உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் குறைந்து சிறுநீர் அதிகமாகப் போகலாம். 24 மணி நேரச் சிறுநீரை ஒரு கேனில் சேர்த்து அளந்து, 3 லிட்டரைத் தாண்டினால் சொல்லுங்கள். கார்டிசால் குறைபாடு இந்தத் தொல்லையை மறைத்துவைக்கும். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகே தாகமும் சிறுநீரும் திடீரெனப் பெருகினால் மாத்திரையைக் குற்றம் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், அளந்த கணக்கோடு டாக்டரிடம் போங்கள்.