இறுகிய மண்ணில் கோதுமை: இரண்டு குழாய், ஒரு தராசு

யாழ்ப்பாணத்தில் கோதுமை எதற்கு என்று கேட்பீர்கள். பாணுக்கும் புட்டுக்கும் வேண்டிய கோதுமை கப்பலில் வந்து திருகோணமலையிலும் கொழும்பிலும் அரைபடுகிறது. இங்கே யாரும் விதைப்பதில்லை. ஆனால் மண் இறுக்கம் செடியை என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிட வசதியான பயிர் இல்லை. சட்டென்று முளைக்கும், இலைகள் ஒவ்வொன்றாக வரும், முதலில் விடும் வேர்களும் ஐந்தோ ஆறோதான். வீட்டிலுள்ள உயர்தரப் பிள்ளைகளின் செயற்றிட்டத்துக்கும் பொருந்தும்.

விதைக்கு முழுக் கோதுமை 100 கிராம் போதும். பூசைச் சாமான் கடை நவதானியத்திலும் சூரியனுக்குரிய தானியமாக இது இருக்கும், ஆனால் பழைய பை என்றால் பாதி முளைக்காது. நவராத்திரிக் கும்பத்தடியில் முளைக்கப் போட்ட கைகளுக்கு விதை ஊறவைப்பது பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. மார்கழி, தை மாதங்களில் செய்யுங்கள். சித்திரை வெயிலில் செய்தால் செடி வாடியது மண்ணாலா வெயிலாலா என்று குழம்பும். கதிரை எதிர்பார்க்க வேண்டாம், மூன்று வாரத்தில் வேலை முடிந்துவிடும்.

குழாய்

பிளாஸ்டிக் கோப்பையில் செய்யச் சொல்லும் காணொளிகள் நிறைய. எனக்குப் பிடிக்காது. கோப்பை ஆழமில்லை, வேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். நாலு அங்குல பிவிசி பைப்பில் 30 சென்ரிமீற்றர் துண்டுகள் இரண்டு வாங்குங்கள், ஒன்று தளர்வான மண்ணுக்கு, மற்றது இறுகிய மண்ணுக்கு. இரண்டையும் நீளவாக்கில் பிளக்க வேண்டும். ஹாக்ஸோ பிளேட்டோடு மல்லுக்கட்டாமல், கிரைண்டர் இருக்கும் ஒட்டு வேலைக் கடையில் கொடுங்கள். பிளந்த பாதிகளைச் சேர்த்து மூன்று இடத்தில் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். ரேப் மட்டும் ஒட்டினால் மண்ணை இடிக்கும்போது பிளந்துகொள்ளும். அடியில் பழைய சாரத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டி, அதோடு சேர்த்து வெறும் குழாயை நிறுத்துக் குறித்துவையுங்கள்.

மண் நிரப்புதல்

கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் என்றால் நல்லது. வெயிலில் காயவைத்து, கட்டி உடைத்து, அரிதட்டில் அரித்துக்கொள்ளுங்கள். பசளை எதுவும் போட வேண்டாம். காய்ந்த மண் ஒரு கிலோவுக்கு 150 மில்லிலீற்றர் தண்ணீர் தெளித்துப் பிசறி, பொலித்தீன் பையில் ஓர் இரவு மூடிவைத்தால் ஈரம் சமமாகப் பரவும். கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர வேண்டும்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது இனித்தான். குழாய் முழுவதும் மண்ணைக் கொட்டி, மேலே நின்று இடிப்பார்கள். மேற்பகுதி மட்டும் கல்லாகும், அடி பொலபொலவென்று கிடக்கும். ஆகவே ஐந்து ஐந்து சென்ரிமீற்றராக, ஐந்து அடுக்குகளாக நிரப்ப வேண்டும். எவ்வளவு இடிப்பது என்பதைக் கைப்பலம் தீர்மானிக்கக் கூடாது, நிறை தீர்மானிக்க வேண்டும். குழாயின் உள்விட்டம் 10 சென்ரிமீற்றர் என்றால் ஓர் அடுக்கின் கனவளவு ஏறக்குறைய 393 கனசென்ரிமீற்றர். தளர்வான குழாய்க்கு ஒரு கனசென்ரிமீற்றருக்கு 1.2 கிராம் காய்ந்த மண், இறுகிய குழாய்க்கு 1.6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரையும் சேர்த்தால் அடுக்குக்கு முறையே 540, 725 கிராம் வரும். பைப்புக்குப் பைப்பு உள்விட்டம் கொஞ்சம் மாறும், அளந்து கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

குழாய்க்குள் தளர்வாக இறங்கும் மரக்கட்டைக்கு ஒரு கைப்பிடி வைத்து, ஒவ்வோர் அடுக்கும் எங்கே நிற்க வேண்டும் என்று கைப்பிடியில் கோடு போடுங்கள். கோடு குழாயின் விளிம்புக்கு வரும்வரை இடித்தால் அடுக்கு சரி. அடுத்த அடுக்கைப் போடும்முன் மேற்பரப்பை முள்ளுக்கரண்டியால் கீறிவிடுங்கள். இல்லையென்றால் வழுவழுப்பான அந்தத் தளத்தில் வேர் பக்கவாட்டில் ஓடிவிடும். குழாயின் ஓரத்தைப் பெருவிரலால் தனியாக அழுத்துங்கள். ஓரத்தில் இடைவெளி விட்டால் வேர் அந்தக் குறுக்குவழியைத்தான் பிடிக்கும், பிறகு இறுகிய மண்ணிலும் வேர் நன்றாகப் போகிறதே என்று ஏமாறுவீர்கள்.

இரண்டு குழாய்க்கும் மேலே ஒரேமாதிரி மூன்று சென்ரிமீற்றர் தளர்ந்த மண் போடுங்கள். அப்போதுதான் முளை இரண்டிலும் ஒரே வேகத்தில் வெளிவரும். நமக்குப் பார்க்க வேண்டியது வேர் படும் பாடு, முளை படும் பாடு அல்ல.

இறுக்கத்தை அளக்க ஒரு சைக்கிள் கம்பி

10 கிலோ வரை நிறுக்கும் டிஜிட்டல் தராசில் குழாயை வைத்துச் சுழியமாக்குங்கள். முனை தட்டையாக வெட்டிய சைக்கிள் சில்லுக் கம்பியை மெதுவாக மண்ணுக்குள் இறக்கி, தராசு காட்டும் உச்ச எண்ணைக் குறியுங்கள். கம்பியின் விட்டம் இரண்டு மில்லிமீற்றர் என்றால் 320 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). இரண்டு மெகாபாஸ்கலை எட்டினால் பல பயிர்களின் வேர் வளர்ச்சி வெகுவாகக் குறைந்துவிடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. கம்பியின் பக்கங்களில் உராய்வும் சேர்வதால் உங்கள் எண் கொஞ்சம் கூடவே காட்டும். இரண்டு குழாயையும் ஒப்பிட அது போதும். கடையில் விற்கும் மலிவான மண் மீற்றர்களில் காசைப் போடாதீர்கள், அவை ஈரத்தையே ஒழுங்காகச் சொல்வதில்லை.

தண்ணீர்

ஈரம் குறையக் குறைய மண் இறுகும். மாரியில் கால் புதைகிற செம்மண் ஆடியில் அலவாங்கு கேட்பது எங்கள் ஊரில் யாருக்கும் புதிதல்ல. எனவே ஒரு குழாய்க்குக் கூடுதலாக ஊற்றினால் நீங்கள் ஈரத்தை மட்டும் மாற்றவில்லை, இறுக்கத்தையும் மாற்றிவிட்டீர்கள். விதைத்த அன்று ஒவ்வொரு குழாயின் மொத்த நிறையையும் அதன்மேலே மாக்கரால் எழுதுங்கள். தினமும் காலையில் நிறுத்து, குறைந்த அளவு தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். செடியின் நிறையைப் பொருட்படுத்த வேண்டாம், அது சில கிராம்தான்.

முளை எட்டிப் பார்க்கும் விதை மூன்றை ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து, பிறகு ஒன்றை விட்டு மற்ற இரண்டையும் பிடுங்குங்கள். முடிந்தால் வகைக்கு மூன்று குழாயாவது வையுங்கள், ஒரு செடியை நம்பி எதுவும் சொல்ல முடியாது. அணிலுக்கு வலை போடுங்கள். இரண்டாம் இலையிலிருந்து ஒவ்வோர் இலையின் நீளத்தையும் அகலத்தையும் எழுதிவாருங்கள்.

என்ன தெரியும்

இறுகிய குழாயில் இலைகள் கட்டையாகவும் ஒடுக்கமாகவும் வரும். தண்ணீர் போதவில்லை, சத்துப் போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். கணக்கைப் பாருங்கள்: அந்தக் குழாயில்தான் மண் கூட, ஆகவே சத்தும் தண்ணீரும் கூட. 1987இல் ஆஸ்திரேலியாவில் மாஸ்ல், பாசியூரா என்ற இருவர் இளம் கோதுமையில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். மண்ணை இடித்து இறுக்கினாலும் ஈரத்தைக் குறைத்து இறுக்கினாலும், இறுக்கம் கூடக்கூட இலை வளர்ச்சி குறைந்தது. பட்டினியால் அல்ல, இறுக்கத்தை உணர்ந்த வேர் அனுப்பும் ஏதோ ஒரு சமிக்ஞையால்தான் இலை தன்னைக் குறைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் வந்த முடிவு. வேர் எப்படி உணர்கிறது என்பதற்கு நெல்லில் செய்து 2021இல் வெளிவந்த ஆய்வு ஒரு விடை தந்தது: வேர் நுனி விடும் எதிலீன் வாயு தளர்ந்த மண்ணில் பரவிப் போய்விடும், இறுகிய மண்ணில் போக வழியின்றி நுனியிலேயே தேங்கும், வேர் நீள்வதை நிறுத்தும்.

மூன்றாம் வாரம் குழாயைப் பேசினில் தண்ணீருக்குள் ஓர் இரவு கிடத்துங்கள். கம்பியை அவிழ்த்து ஒரு பாதியைத் தூக்கினால் மண் தானே கரையும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் நுண்வேர்கள் அறும், குவளையால் ஊற்றிக் கழுவுங்கள். இறுகியதில் வேர் கட்டையாக, தடித்து, வளைந்து இருக்கும். பக்கவேர்கள் மேலே நீங்கள் போட்ட மூன்று சென்ரிமீற்றருக்குள் நெருக்கியடிக்கும்.

பிறகு சேர்த்தது: கிளிநொச்சியிலிருந்து ஒருவர், தங்கள் களிமண்ணில் 1.6க்கு இடிக்கவே முடியவில்லை, செடியும் மஞ்சளாகிவிட்டது என்று எழுதியிருந்தார். களிமண் அதிகமென்றால் 1.4ஓடு நிறுத்துங்கள். அந்த அளவிலேயே அது வேரைத் தடுக்கும், அதற்கு மேலே போனால் காற்று இல்லாமல் போய்விடும், மஞ்சளாவது அதனால்தான். வெடிப்பு விட்டால் அந்தக் குழாயைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேர் வெடிப்புக்குள் இறங்கிவிடும்.

இன்னொருவர் வெங்காயத் தறையில் மண் இறுக்கத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார். சைக்கிள் கம்பி வேண்டாம், மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஒரு நீளக் கம்பியைக் கையால் இறக்கிப் பாருங்கள். லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) வருடக்கணக்காக ஒரே ஆழத்தில் உழுத தறையில் அந்த ஆழத்துக்குக் கீழே கம்பி சட்டென்று முட்டும். அந்தப் படையை மண்வெட்டியால் ஆழக் கொத்தி, பூவரசங்குழையோ சணலோ தாழ்க்க வேண்டும். ஈரம் சொட்டும்போது மட்டும் கொத்தாதீர்கள், மிதிபட்டு இன்னும் இறுகும்.