ஏப்ரனுக்கு ஓர் அறை: யாழ்ப்பாணத்தில் சிறிய காட்சியகம் அமைக்கும் முறை

எதைச் சேர்ப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஐயூக்கா என்ற சிற்றூரில், சமைக்கும்போது உடுப்பின் முன்பக்கம் கட்டும் ஏப்ரனுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த நாட்டுக் குசினிகளில் அது சாதாரண உடுப்பு. யாழ்ப்பாணத்துக் குசினியில் அதே வேலையைச் செய்தவை இடுப்பில் செருகிய சேலைத்தலைப்பும், தோளில் கிடந்த துவாயும், பழைய சாரத்தில் கிழித்த துண்டும்தான். நாடா வைத்துத் தைத்த ஏப்ரனைப் பெரும்பாலும் மனையியல் வகுப்பிலும் ஆசுப்பத்திரியிலும் பேக்கரியிலும்தான் காணலாம். தைத்ததை மட்டும் சேர்த்தால் அறை முழுக்கச் சீருடைதான் தொங்கும். வீட்டில் சமைத்தவர் யாரும் அதில் இருக்கமாட்டார். இரண்டையும் சேருங்கள்.

மிகப் பழையது கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். 1995 ஒக்ரோபரில் போரால் வலிகாமப் பகுதியை விட்டு வெளிக்கிட்டவர்கள் காணி உறுதியையும் நகையையும் பொதி கட்டியிருப்பார்கள். கைதுடைக்கும் துணியை யார் கட்டுவார்? ஒருவர் நினைவிலிருந்து புதிதாகத் தைத்துத் தந்தாலும் வாங்கலாம். ஆனால் அட்டையில் 'மீளச் செய்தது' என்று தெளிவாக எழுதுங்கள்.

துணி கைக்கு வந்ததும் பலரும் செய்யும் பிழை, தோய்த்துக் கஞ்சி போட்டு அயன் பண்ணுவது. அதோடு பாதிக் கதை போய்விடும். நிலத்தில் இருந்து திருவலையில் தேங்காய் துருவியவரின் துணியில் கறை மடியில் விழும். நின்று காஸ் அடுப்பில் சமைத்தவருக்கு வயிற்றோடு விழும். கை துடைத்த பக்கத்து இடுப்போரம் கறுத்திருக்கும். வாழைக்கறையின் மண்ணிறமும் மஞ்சளின் நிறமும் வேறுவேறு. 1990களின் பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். அந்தக் காலத்துத் துணி முழுவதும் மங்கல் மஞ்சளாக இருந்தால் அழுக்கென்று முடிவெடுக்க முதல் தந்தவரிடம் கேளுங்கள். கஞ்சியோ இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் வைத்த சாப்பாடு.

அதற்காக எண்ணெய்ப் பிசுக்கோடு அலுமாரிக்குள் வைக்கவும் முடியாது. முதலில் துணியை மேசையில் விரித்து, மேலே நைலோன் நுளம்புவலைத் துண்டைப் போட்டு, வக்கூமை மிகக் குறைந்த இழுவையில் வைத்துத் தூசி எடுங்கள். வலை இல்லாவிட்டால் தளர்ந்த இழைகள் குழாய்க்குள் போகும். பிறகு பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை இறுக்கி ஒட்டி, -18 பாகை பிறீசரில் இரண்டு கிழமை வையுங்கள். பூச்சியும் முட்டையும் சாகும். ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறைக்கு இந்தக் குளிர் போதாது. கரண்ட் நின்று உருகினால் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் 24 மணி நேரம் விடுங்கள்; அவசரப்பட்டால் ஈரம் பையில் படியாமல் துணியில் படியும். இறப்பர், பிளாஸ்ரிக் ஏப்ரன்களை பிறீசரில் வைக்க வேண்டாம், வெடிப்பு விழும்.

நனைத்தே ஆகவேண்டிய துணி என்றால் சாயம் போகுமா என்று முதலில் பாருங்கள். மறைவான தையலோரத்தில் ஒரு துளி நீர் விட்டு வெள்ளை ஒற்றுத்தாளால் அழுத்துங்கள். தாளில் நிறம் ஏறினால் அத்தோடு விட்டுவிடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய கடின நீர், துணியில் உப்புப் படியவிடும். வாகனக் கடையில் பற்றறிக்கென விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரைப் பாவியுங்கள். போத்தலை இரண்டு தரம் வாசியுங்கள். பக்கத்துத் தட்டிலேயே அசிட்டும் இருக்கும்.

அடையாள எண்ணைத் துணியில் நேரே எழுதக்கூடாது. 1 சென்ரிமீற்றர் அகலப் பருத்தி நாடாவில், கரையாத மையால் அல்லது பென்சிலால் '2025.3.1' என்று எழுதலாம்: ஆண்டு, அந்த ஆண்டில் தந்தவரின் வரிசை, அவர் தந்ததில் எத்தனையாவது. எல்லா உருப்படியிலும் ஒரே இடத்தில், இடுப்புப்பட்டியின் உட்புற இடதுமுனையில், இரண்டு தளர்ந்த தையலால் பிடியுங்கள். பொக்கற்றுக்குள் கிடப்பதை எறிய வேண்டாம். ஊசி இருந்தால் துரு பிடிக்க முதல் எடுத்து, அதே எண்ணுடன் தனியாக வையுங்கள்.

கதை கேட்கும்போது துணி அவர் மடியில் இருக்கட்டும். 'இதைப் பற்றிச் சொல்லுங்கோ அம்மா' என்றால் இரண்டு வசனத்தில் முடிந்துவிடும். 'இந்தக் கறை என்ன சமைக்கேக்க பட்டது?', 'சட்டி இறக்கவும் இதையே பிடிச்சனீங்களோ?', 'கிழிஞ்சபிறகு என்ன செய்யிறனீங்கள்?' என்று கேளுங்கள். அவர் துணிக்குச் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பெயர் போடலாமா, ஊர் மட்டும் போடலாமா, காட்சியகம் மூடினால் துணி யாரிடம் திரும்பவேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவதை எல்லோரும் மறப்பார்கள். பிற்காலத்துச் சண்டை அதில்தான் வரும். ஒலிப்பதிவிலும் படத்திலும் ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும். பொது நூலகம் 1981இல் எரிந்த ஊர் இது. 2005 முதல் எங்கள் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் 'நூலகம்' என்ற நிறுவனத்துடன் பேசிப் பாருங்கள்.

இனி அறை. வெயில் விழும் மேற்குப் பக்க அறை வேண்டாம். துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும்; நுழைபவருக்குக் கண் பழக ஒரு நிமிடம் எடுக்கும். மங்கிய சாயம் திரும்பி வராது, சமையல் மஞ்சளின் நிறம் எல்லாவற்றிலும் விரைவாகப் போகும். ஆகவே ஒவ்வொரு துணியையும் மூன்று மாதம் காட்டி, பிறகு இருட்டில் வையுங்கள். ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டவிடாதீர்கள், தாண்டினால் பூஞ்சணம். கார்த்திகை, மார்கழி மழையில் சுண்ணாம்புக்கல் சுவர் ஈரம் குடிக்கும், ஆகையால் அலுமாரியைச் சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தொல்லை தூசிதான். யன்னலை மூடி, கதவடியில் துணி அடையுங்கள்.

நாடாவில் கொழுவித் தொங்கவிட்டால் சில மாதத்தில் தையல் இழுபடும். வெளுக்காத பருத்தித் துணியைச் சவர்க்காரம் நிற்காமல் அலசி, பலகையில் போர்த்தி, 30 பாகை சரிவில் ஏப்ரனைக் கிடத்துங்கள். சாதாரண குண்டூசி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், துருப்பிடிக்காத உருக்கு ஊசி வாங்குங்கள். மடித்து வைப்பவற்றின் மடிப்புக்குள் அதே துணியைச் சுருட்டி வைத்தால் மடிப்பு வெட்டாது. பத்திரிகைத் தாள் வேண்டாம், அமிலம் இறங்கும். அந்துருண்டையும் வேண்டாம். மீன் வெட்டுபவர்களின் பிளாஸ்ரிக் ஏப்ரன் காலப்போக்கில் பிசுபிசுத்து, தொட்ட துணியையெல்லாம் கெடுக்கும். அதற்குத் தனி அலுமாரி, காற்றோட்டமான இடம். ஆறு மாதத்துக்கொருக்கால் விரலால் தொட்டுப் பாருங்கள்.